மகள் வக்கீலுக்குப் படிக்கலாமா?

கேள்வி இது: “பிளஸ் டூ முடித்த என் மகள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் கோர்ட் படி ஏறியதில்லை. கல்லூரியில் சொல்லித்தருவதை வைத்துக்கொண்டு வக்கீலாகப் பிழைக்க முடியுமா? பின்னணி எதுவும் இல்லாத பெண்ணுக்கு இந்தத் தொழில் சரிவருமா?”

படிக்க வையுங்கள். நான் ஒரு மாவட்டத் தலைநகரில் பெரும்பாலும் சிவில் வழக்குகள் நடத்துகிற வக்கீல். எங்கள் பாரில், அதாவது வழக்கறிஞர் சங்கத்தில், இன்று நன்றாக நிற்கிறவர்களில் பலரும் குடும்பத்தில் முதல் வக்கீல்கள்தான். ஆனால் ஐந்து வருடப் படிப்புக்குப் பணம் கட்டுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பட்டம் வாங்கிய பின் ஒரு சீனியரிடம் கழிகிற மூன்று நான்கு வருடங்கள்தான் ஒருவரை வக்கீலாக்குகின்றன. அந்த வருடங்களில் வருமானம் பெயரளவுக்குத்தான் இருக்கும். அதற்கும் சேர்த்து இப்போதே யோசித்து வையுங்கள்.

சேர்க்கை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவுக்குப் பின் ஐந்தாண்டுப் படிப்பு. ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. அரசு சட்டக் கல்லூரிகளுக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே கட்டணமும் மிக அதிகம். படித்து முடித்ததும் பெரிய சட்ட நிறுவனங்களில் வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்றால் அந்தச் செலவில் அர்த்தம் உண்டு. கோர்ட்டில் நின்று வழக்கு நடத்த வேண்டும் என்பவருக்கு அரசுக் கல்லூரி போதும். படித்து முடித்ததும் வக்கீலாகப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வழக்கறிஞர் சட்டம் சொல்லும் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125. பல மாநிலங்களில் பல்லாயிரக்கணக்கில் வசூலித்துவந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அதன்பின், தொழில் செய்யத் தகுதி தரும் அகில இந்திய பார் தேர்வு. குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே எடுத்துப்போகலாம் என்பதால், படித்தவர்கள் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

சரி, கல்லூரிப் படிப்பு கோர்ட்டில் உதவுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உதவும். சட்டம் எங்கே இருக்கிறது, எப்படிப் படிக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்க முடியும். ஆனால் நம் கல்லூரிகளில் கேள்வித்தாளே சட்டத்தில் தொடங்கி சட்டத்தில் முடிகிறது. “இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவை விளக்குக” என்று கேட்பார்கள், மாணவர் நான்கு பக்கம் எழுதுவார். கட்சிக்காரர், அதாவது வழக்குக்காக வக்கீலைத் தேடி வருகிறவர், யாரும் பிரிவு எண்ணோடு வந்து உட்காருவதில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் வாராவாரம் வருகிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு அம்மா வந்து, “அண்ணன் நிலத்தை விற்கப் போறாரு. எனக்கும் அதுல பங்கு உண்டுதானே?” என்று கேட்கிறார்.

பெண்ணுக்கும் சம பங்கு உண்டு என்று படித்த இளம் வக்கீல், “உண்டு அம்மா, கேஸ் போடலாம்” என்று சொல்லிவிடுவார். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நிலம் தாத்தா வழியில் வந்ததா, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியதா? அப்பா சம்பாதித்தது என்றால் அவர் உயில் எழுதி வைத்திருக்கலாம். எழுதாமல் இறந்திருந்தால் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் அந்த அம்மாவுக்கு எந்தத் தேதியில் கல்யாணம் ஆனது என்று கேட்க வேண்டும். ஏனென்றால் தமிழ்நாடு தன் சட்டத் திருத்தத்தின் மூலம் 1989 மார்ச் 25 முதல் மகளைப் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது, ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது. பிறகு 2005 செப்டம்பர் 9ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினைகளைப் புதிய சட்டம் தொடுவதில்லை.

இதை வைத்துப் பாருங்கள். அப்பாவும் மகன்களும் 1995ல் பதிவு செய்து பாகம் பிரித்துக்கொண்ட குடும்பம். 1987ல் கல்யாணமான அக்காவால் அந்தப் பாகப்பிரிவினையை அசைக்க முடியாது. அப்பா பங்குக்கு வந்த சொத்தில், அவர் உயில் இல்லாமல் இறந்திருந்தால், வாரிசாக ஒரு பங்கு கேட்கலாம். 1991ல் கல்யாணமான தங்கையோ 1995ல் ஏற்கெனவே பங்காளி. தன்னை விட்டுவிட்டுப் பிரித்தது செல்லாது என்று அவர் கேட்க இடம் இருக்கிறது. வழக்கு போடக் காலக்கெடு வைக்கும் கால வரையறைச் சட்டத்தைத் தாண்ட வேண்டும் என்பது தனிக் கதை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே நிலம். ஒரு கல்யாணப் பத்திரிகையின் தேதி வழக்கையே மாற்றிவிடுகிறது.

இன்னும் முடியவில்லை. “எப்பவாவது ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கையெழுத்து வாங்கினாங்களா அம்மா?” என்று கேட்க வேண்டும். சீர் செய்தாயிற்று என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், அவருக்கு அது நினைவில்கூட இருக்காது. அப்படி ஒன்று இருந்தால் அதை ரத்து செய்யக் கேட்பதற்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். எனவே கேஸ் போடுவதற்கு முன் வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும், மூலப்பத்திரத்தின் நகல் வாங்க வேண்டும், பட்டா யார் பேரில் எப்போது மாறியது என்று தாலுகா அலுவலகத்தில் பார்க்க வேண்டும். பட்டா மட்டுமே உரிமையைக் காட்டிவிடாது என்பதையும், பதிவாகாத எதுவும் வில்லங்கச் சான்றில் வராது என்பதையும் தெரிந்துகொண்டுதான் இவற்றைப் படிக்க வேண்டும். இதில் எதையும் நான் கல்லூரியில் கற்கவில்லை. என் சீனியர் கட்சிக்காரர்களிடம் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துத்தான் கற்றேன்.

கோர்ட் பீஸ் இன்னொன்று. பாகப்பிரிவினை வழக்கில் வாதி சொத்தை மற்றவர்களோடு சேர்ந்து வைத்திருக்கிறார், அதாவது கூட்டு அனுபவத்தில் இருக்கிறார் என்றால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 37(2) பிரிவின்படி நிர்ணயித்த ஒரு சிறு தொகை கட்டினால் போதும். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால் 37(1) பிரிவின்படி அவர் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017 வரை அது 7.5 சதவீதமாக இருந்தது. பங்கு 20 லட்சம் பெறும் என்றால் 60,000 ரூபாய். வழக்குரையில், அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவில், அனுபவம் பற்றி எழுதுகிற ஒரு வாக்கியம் அந்த அம்மா எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதே வாக்கியத்தை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார். அதனால் பீஸைக் குறைக்க இல்லாததை எழுதக்கூடாது, இருப்பதை எழுதாமலும் விடக்கூடாது. இளம் வக்கீல்கள் எழுதும் வழக்குரைகளில் முன்தீர்ப்புகள் நிறைய இருக்கும், நடந்த விவரம் குறைவாக இருக்கும். சிவில் நடைமுறைச் சட்டம் கேட்பதோ நேர்மாறாக: முக்கியமான விவரங்களைச் சொல், சாட்சியத்தையும் வாதத்தையும் அங்கே கொட்டாதே என்கிறது.

தீர்ப்பு வந்தால் வழக்கு முடிந்தது என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். வழக்காடியவரின் கஷ்டமே தீர்ப்பு கிடைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்று அன்றைய மிக உயர்ந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872லேயே எழுதிவிட்டது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 21ஆவது கட்டளையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விதிகள், எல்லாமே தீர்ப்பை நிறைவேற்றுவது பற்றி. தமிழ்நாட்டில் 1986ல் போட்ட ஒரு வழக்கின் நிறைவேற்று மனு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. நிலுவையில் உள்ள நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அப்போது உத்தரவு போட்டார்கள். தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனா கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர், “நான் வேற வாடகைதாரர், எனக்கு அந்தக் கேஸே தெரியாது” என்று சொன்னால் அடுத்து என்ன மனு போட வேண்டும் என்று எந்த வகுப்பிலாவது நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

விதிகள் இல்லாமல் இல்லை. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள், ஐந்தாண்டு மாணவர் 20 வாரமும் மூன்றாண்டு மாணவர் 12 வாரமும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. மனு எழுதுதல், தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றம் ஆகியவை கட்டாயப் பாடம். நீதிமன்றத்தில் விசாரணையைப் பார்த்துக் குறிப்பேடு எழுதவும் மதிப்பெண் உண்டு. நடப்பில் பலர் ஒரு வக்கீலிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, குறிப்பேட்டை முந்தைய வருட மாணவரிடமிருந்து பார்த்து எழுதிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடுகிற எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, இதை நாங்கள் நிறுத்த வேண்டும். சென்னையில் இன்னொரு இழப்பு. 1891ல் தொடங்கிய சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்ததும் நடந்துபோய் வாதம் கேட்கலாம். 2008ல் மாணவர்களுக்கிடையே நடந்த சாதி மோதலுக்குப் பிறகு அமைத்த விசாரணை ஆணையம் கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. 2018ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். கட்டடம் புதிது, ஆனால் கோர்ட்டுக்குப் போய்வர ஒரு நாள் வேண்டும். மோதலைத் தடுக்க வேறு வழி தேடியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரிவு எண்ணை மனப்பாடம் செய்வதால் எவ்வளவு பயன் என்று, புதிய குற்றவியல் சட்டங்கள் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1 அன்று எல்லோருக்கும் தெரிந்தது. கொலைக்கு 302 என்றிருந்தது 103 ஆனது, முன்ஜாமீனுக்கு 438 என்றிருந்தது 482 ஆனது. குற்றம் எந்தக் கூறுகளால் ஆகிறது என்று புரிந்து படித்தவர்கள் ஓரிரு மாதத்தில் பழகிவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், உங்கள் மகள் இரண்டையும் தெரிந்துகொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

ஆங்கிலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இந்த ஒரு பயத்தாலேயே பின்வாங்குகிறார்கள். ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976ல் செய்த திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் வருகின்றன. அங்கே நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. சாட்சி “வரப்பை ஒட்டிக் கிழக்கே நின்ன புளியமரம்” என்று சொல்வதை அப்படியே புரிந்து குறுக்கு விசாரணை செய்ய மண் தெரிந்த வக்கீல் வேண்டும். உயர் நீதிமன்றத்தில் இன்றைக்கும் ஆங்கிலம்தான். அரசியலமைப்பின் 348ஆவது பிரிவில் இடம் இருந்தும், சட்டமன்றம் 2006ல் தீர்மானம் போட்டும், தமிழுக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. மாயூரம் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை சதர் நீதிமன்றம் என்ற அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அனுமதி வரும்வரை ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பல இப்போது அதன் இணையதளத்திலேயே தமிழிலும் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தினமும் பத்துப் பக்கம் படித்தால், ஐந்து வருடத்தில் ஆங்கிலம் ஒரு தடையாக இருக்காது.

இனி நான் மிகவும் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி விட்டுவிடுவதை எல்லாம் சீனியரின் அலுவலகம் கற்றுத்தருகிறது என்றேன். அந்த அலுவலகத்தில் உட்கார யாரால் முடியும்? மாதம் ஐயாயிரம் கையில் வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வழக்குக் கட்டுகளைச் சுமக்க, வீட்டில் சாப்பாடு போடுகிற பிள்ளையால்தான் முடியும். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்குகிற பிள்ளை ஒரு வருடத்தில் ஏதாவது கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறது. திறமை குறைந்ததால் போகவில்லை, வாடகை கட்ட முடியாமல் போகிறது. பெண்கள் இன்னும் அதிகம் போகிறார்கள். “சம்பளமே இல்லாத வேலைக்கு ஏன் இருட்டுகிற வரைக்கும் ஆபீஸ்?” என்று வீட்டில் கேட்கும்போது அவர்களிடம் பதில் இருப்பதில்லை. தமிழக அரசு இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது, நல்ல காரியம்தான், ஆனால் பற்றாது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தது 15,000 முதல் 20,000 ரூபாய் வரை தரச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் கொடுக்காதவரை யாரும் கேட்பதில்லை. சிறிய ஊரில் தனியாக நடத்துகிற வக்கீலுக்கு 15,000 பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜூனியர் எழுதிய மனுவுக்குக் கட்சிக்காரரிடம் பீஸ் வாங்குகிறோம். அதில் ஒரு பகுதி அவருக்குப் போவதுதான் நியாயம்.

இந்த நிலையில் 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. கோர்ட்டில் நின்றே பார்க்காதவர் நாற்காலியில் உட்காரக்கூடாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த மூன்று வருடத்துக்கு வருமானம் இல்லை என்றால், வசதியான வீட்டுப் பிள்ளைகளே நீதிபதிகளாக வருவார்கள். நிபந்தனையும் உதவித்தொகையும் சேர்ந்தே வந்திருக்க வேண்டும்.

அதனால் சீனியரைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருங்கள். பெரிய பெயர் உள்ளவரா என்று பார்க்காதீர்கள். சாட்சி விசாரணையைத் தானே நடத்துகிறவரா, ஜூனியர் எழுதிய வரைவைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் திரும்பக் கொடுக்கிறவரா, ஜூனியரை எழுந்து பேச விடுகிறவரா என்று அங்கே இருந்துவிட்டு வந்தவர்களிடம் விசாரியுங்கள். வாய்தா வாங்க மட்டும் அனுப்புகிற இடத்தில் மூன்று வருடம் இருந்தாலும் வாய்தா வாங்கத்தான் தெரியும். பெண் ஜூனியர்கள் அங்கே எத்தனை வருடம் தங்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள். அதிலிருந்து நிறையப் புரியும்.

நெறி பற்றிக் கல்லூரியில் ஒரு பாடம் உண்டு, ஆனால் சீனியரைப் பார்த்துத்தான் அது படியும். பீஸ் பாக்கி இருந்தாலும் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலும், கட்சிக்காரரைக் கேட்காமல் அவர் சார்பில் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று 2015லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீல்களோடு மோதிய போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர் சங்கம் போட்ட தீர்மானம் செல்லாது என்று 2010ல் தீர்ப்பு வந்தது. எவ்வளவு வெறுக்கப்படுகிறவருக்கும் ஒரு வக்கீல் வேண்டும். நீதிமன்றப் புறக்கணிப்பும் அப்படித்தான். 2002லேயே வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று தீர்ப்பாகிவிட்டது. பேருந்துக்குக் காசு தேற்றிக்கொண்டு காலையிலேயே வந்து மரத்தடியில் காத்திருக்கிற கட்சிக்காரரிடம், “இன்னைக்குக் கோர்ட் இல்லை” என்று சொல்லி அனுப்புவதை என்னால் நியாயப்படுத்த முடிவதில்லை.

வருமானத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். அந்த இலவச உதவிக்கான வக்கீல்கள் பட்டியலில் சேரும் இளம் வக்கீலுக்குத் தொகை சிறிதுதான், ஆனால் சொந்தமாக நடத்த வழக்குகள் கிடைக்கும். முதல் குறுக்கு விசாரணையைச் சட்ட உதவி வழக்கில் செய்தவர்கள் எங்கள் பாரில் பலர். இலவசம்தானே என்று அதில் அக்கறை குறைப்பவரைக் கட்சிக்காரரும் நீதிபதியும் உடனே கண்டுகொள்வார்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் மகளை ஒரு நாள் உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். நீதிமன்றம் பொதுவானது, யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம்; போக்சோ வழக்குகள், சில குடும்ப வழக்குகள் போன்றவை மூடிய அறையில் நடக்கும். காலையில் வழக்குகளைக் கூப்பிட்டு வாய்தா போடுவதோடு திரும்பிவிடாதீர்கள், விசாரணை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தொடங்கும். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு செஷன்ஸ் வழக்கில் சாட்சி விசாரணை நடக்கிற நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அங்கேயும் போய் வாருங்கள். மதியம் வரை அலுக்காமல் உட்கார்ந்து கேட்டு, வீட்டுக்கு வந்ததும் “அந்த வக்கீல் ஏம்ப்பா அதைக் கேட்காம விட்டுட்டார்?” என்று கேட்டாள் என்றால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.